டர்பன் வானத்தில் அருந்ததி உண்டா, இல்லையா?

செப்டம்பர் முதல் வாரத்தில் மகளுக்குக் கல்யாணம், டர்பன் சாட்ஸ்வொர்த்தில் மண்டபம், காலை பத்து மணிக்கு முகூர்த்தம் என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மி மிதித்த கையோடு குருக்கள் பெண்ணையும் மாப்பிள்ளையையும் வாசலுக்கு அழைத்துப் போய் வடக்கே கை காட்டுவார். "தென்னாப்பிரிக்காவில் அந்த நட்சத்திரமே கிடையாது, பிறகு எதற்கு இந்த நாடகம்" என்கிறார் மாப்பிள்ளையின் பெரியப்பா. கைபேசியில் இறக்கி வைத்திருக்கும் வான வரைபடமோ இருக்கிறது என்று காட்டுகிறது. கூடவே, இந்த நாட்டில் நட்சத்திரமெல்லாம் தலைகீழாக நிற்கும் என்று பாட்டி சொல்வது மெய்தானா என்றும் கேட்டிருக்கிறீர்கள். சடங்கின் பொருள் என்ன என்பது உங்கள் கேள்வி இல்லை என்று நினைக்கிறேன். குருக்கள் கை காட்டும் திசையில் ஏதாவது இருக்கிறதா, இருந்தால் கண்ணுக்குத் தெரியுமா என்பதுதான் கேள்வி. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பெரியப்பாவும் கைபேசியும் சண்டை போடுகிறார்கள். இருவர் சொல்வதிலும் பாதி சரி.

முதலில் உங்கள் தேதிக்கான விடை. செப்டம்பர் முதல் வாரத்தில் டர்பனில் அருந்ததி நண்பகல் 12 மணி வாக்கில் அடிவானத்துக்கு மேலே வருகிறது, இரண்டரை மணிக்குச் சற்று முன்பு தன் உச்சத்தைத் தொடுகிறது, மாலை ஐந்துக்குள் இறங்கிவிடுகிறது. சூரியன் மறைவது அதற்கும் பிறகுதான். ஆகவே காலை பத்து மணிக்கு அது தரைக்குக் கீழே இருக்கிறது. மேலே இருக்கும் நேரம் முழுவதும் பட்டப்பகல். முகூர்த்தத்தை மாலைக்கு மாற்றினாலும் பயனில்லை. அன்று உங்கள் மகள் பார்க்கப்போவது வடக்குத் திசையை மட்டும்தான்.

அப்படியானால் பெரியப்பா சொன்னது சரியா? இல்லை. எந்த ஊரிலிருந்து எந்த நட்சத்திரம் எழும் என்பதில் ஊகத்துக்கு இடமே கிடையாது. நட்சத்திரம் வான நடுக்கோட்டிலிருந்து (பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானத்தில் ஓடும் கோடு) எத்தனை பாகை வடக்கே இருக்கிறது, ஊர் பூமியின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை பாகை தெற்கே இருக்கிறது, இரண்டையும் கூட்டித் தொண்ணூறிலிருந்து கழித்தால் அந்த நட்சத்திரம் அந்த ஊரில் தொடும் அதிகபட்ச உயரம் கிடைத்துவிடும். அருந்ததி இன்று ஏறக்குறைய 55 பாகை வடக்கு. டர்பன் 30 பாகை தெற்கு. மிச்சம் 5 பாகை. கையை நீட்டி நடு மூன்று விரல்களைச் சேர்த்துப் பிடித்தால் எவ்வளவு அகலமோ அவ்வளவு உயரம்தான் அடிவானத்திலிருந்து. சென்னையில் அதே நட்சத்திரம் 48 பாகை ஏறும், கழுத்தை நிமிர்த்திப் பார்க்க வேண்டும். ஜோகன்னஸ்பர்க்கில் 9 பாகை, கேப் டவுனில் ஒரு பாகை சொச்சம், அதாவது மலை, மரம், கூரை எதுவும் இல்லாவிட்டாலும் இல்லாததுபோலத்தான். மொரீஷியஸில் 15, ரியூனியனில் 14. அங்கே இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். அதைப் பிறகு சொல்கிறேன்.

இதே கணக்கைச் சப்தரிஷி மண்டலத்தின் ஏழு பேருக்கும் போட்டுப் பார்த்தால் ஒரு வேடிக்கை. வசிஷ்டர் என்று நம் மரபு சொல்லும் நட்சத்திரம் மேற்கத்திய வரைபடத்தில் மிசார். அதை ஒட்டி நிற்கும் மங்கலான அல்கோர்தான் அருந்ததி. வால் நுனியில் இருக்கும் மரீசி டர்பனில் 11 பாகை வரை ஏறுகிறார். புலஸ்தியர் ஆறு சொச்சம், வசிஷ்டர் ஐந்து, ஆங்கிரசரும் புலகரும் நான்கு, அத்திரி மூன்று. கிரது மட்டும் டர்பனில் எழுவதே இல்லை. உச்சத்தில் இருக்கும்போதும் அடிவானத்துக்கு ஒன்றரைப் பாகை கீழேதான். ஏழு முனிவரில் ஒருவர் கடல் தாண்டவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். துருவ நட்சத்திரம் தென்னாப்பிரிக்காவில் எங்கிருந்தும் தெரியாது, மொரீஷியஸிலும் தெரியாது. அதில் "ஒருவேளை" என்ற பேச்சுக்கே இடமில்லை. துருவனைப் பொறுத்தவரை பெரியப்பா கட்சிதான் ஜெயிக்கிறது.

அடிவானத்துக்கு மேலே வருவது வேறு, கண்ணுக்குத் தெரிவது வேறு. கைபேசி வரைபடம் ஏமாற்றுவது இந்த இடத்தில்தான். ஐந்து பாகை உயரத்தில் இருக்கும் நட்சத்திரத்தின் ஒளி, தலைக்கு நேர் மேலே இருக்கும் நட்சத்திரத்தின் ஒளியைப் போலச் சுமார் பத்து மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. நட்சத்திரங்களின் பொலிவை எண்ணால் குறிப்பார்கள். எண் கூடக் கூட மங்கல், நல்ல இருட்டில் வெறுங்கண்ணின் எல்லை ஆறு. வசிஷ்டரின் எண் 2.2, அருந்ததியின் எண் 4. சுத்தமான காற்றிலேயே ஐந்து பாகை உயரத்தில் இரண்டு எண் அளவுக்கு மங்கிப்போகும். டர்பனின் ஈரக்காற்றில் மூன்று. ஆக வசிஷ்டர் நாலரை ஐந்துக்கு இறங்குகிறார், அருந்ததி ஆறு ஏழுக்கு. நகர வெளிச்சத்தில் வசிஷ்டரையே வெறுங்கண்ணால் பிடிப்பது கடினம். அருந்ததியை டர்பனில் நின்று வெறுங்கண்ணால் பார்த்தேன் என்று யாராவது சொன்னால், அவர் வேறு எதையோ பார்த்திருக்கிறார் என்றுதான் எடுத்துக்கொள்வேன். பைனாகுலர் இருந்தால் கதை மாறுகிறது. சாதாரண 7×50 அல்லது 10×50 போதும். இருவரும் தனித்தனியாகத் தெரிவார்கள். இடைவெளி 12 கலை (பாகையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை), முழுநிலாவின் அகலத்தில் ஐந்தில் இரண்டு பங்கு. பிரித்துப் பார்ப்பது கஷ்டமே இல்லை, பிடிப்பதுதான் கஷ்டம்.

எப்போது பார்க்கலாம்? ஏப்ரல் நடுவில் நள்ளிரவு 12 மணிக்கு அது டர்பனில் உச்சம் தொடுகிறது. மாதம் ஒன்று போனால் இரண்டு மணி நேரம் முந்தும்: மே நடுவில் இரவு பத்து, ஜூன் நடுவில் எட்டு. ஜூலை முதல் வாரத்துக்குப் பிறகு அந்தி வெளிச்சம் விழுங்கிவிடும். பின்னோக்கிப் போனால் மார்ச் நடுவில் அதிகாலை இரண்டு, பிப்ரவரி நடுவில் நாலு மணிக்குச் சற்று முன். தை, மாசியில் விடியற்காலை முகூர்த்தம் வைப்பவர்களுக்கு இது பயன்படும். ஒரு இரவில் அது அடிவானத்துக்கு மேல் இருப்பது மொத்தம் நாலே முக்கால் மணி நேரம். அதில் மூன்று பாகைக்கு மேலே இருக்கும் உருப்படியான நேரம் மூன்று மணி, உச்சத்துக்கு முன்னே ஒன்றரை, பின்னே ஒன்றரை. டர்பன்காரர்களுக்கு மிக வசதியானது ஜூன் மாதம், நிலா இல்லாத இரவு, எட்டு மணி. குளிர்காலத்தில் மழை குறைவு, காற்றில் ஈரம் குறைவு. ஆனால் அதே மாதங்களில்தான் கரும்புத் தோட்டத்துக்குத் தீ வைக்கிறார்கள், புல்வெளிகளும் எரிகின்றன. அடிவானத்தில் பழுப்பாக ஒரு பட்டை நின்றால் அன்று வீட்டில் இருப்பது நல்லது. தெற்கிலிருந்து குளிர்க்காற்று வீசி மழை தூறிக் கழுவிவிட்டுப் போன மறுநாள் இரவுக்குக் காத்திருங்கள்.

இடமும் முக்கியம். டர்பன் கடற்கரையில் நின்றால் கடல் இருப்பது கிழக்கே. நேர் வடக்கு நிலத்தின் மேல், உம்ஷ்லாங்கா பக்கத்து விளக்குகளின் மேல் போகிறது. ப்ளஃப் மேட்டில் நின்றால் துறைமுகமும் நகரமும் குறுக்கே வரும். நகரத்தை முதுகுக்குப் பின்னால் விட்டு, வடக்கே சரிவாக இறங்கும் ஒரு மேட்டைத் தேடுங்கள். வடக்கே 111 கிலோமீட்டர் போனால் ஒரு பாகை லாபம். இந்த ஐந்து பாகை ஆட்டத்தில் ஒரு பாகை என்பது பெரிய விஷயம். இதற்கு ஒரு வேடிக்கையான எதிர்ப்பக்கம்: நாட்டின் மிகப் பெரிய ஒளியியல் தொலைநோக்கியான சால்ட் நிற்கும் சதர்லந்து, டர்பனை விடத் தெற்கே இருப்பதால் அங்கே அருந்ததி மூன்று பாகைகூட ஏறாது. போதாக்குறைக்கு அந்தக் கருவியின் சாய்வு நிலையானது, அடிவானத்துப் பக்கம் அதைத் திருப்பவே முடியாது. பதினோரு மீட்டர் கண்ணாடியால் பார்க்க முடியாத நட்சத்திரத்தை இரண்டு கண்ணாடிக் குழாயால் பார்க்கலாம்.

இனி பிடிக்கும் முறை. திசைகாட்டியை நம்பிப் போகாதீர்கள். டர்பனில் காந்த ஊசி உண்மையான வடக்கிலிருந்து ஏறக்குறைய 25 பாகை மேற்கே விலகி நிற்கும். ஊசி காட்டும் பக்கம் தேடினால் இரண்டரை முட்டி அகலம் தள்ளித்தான் தேடிக்கொண்டிருப்பீர்கள். (கை நீட்டி முட்டியாக மடக்கினால் அகலம் பத்து பாகை. கை நீளமானவருக்கு முட்டியும் பெரிது, அதனால் பெரியவருக்கும் பிள்ளைக்கும் கணக்கு ஒன்றுதான்.) கைபேசி இந்த விலகலைத் தானே திருத்திக்கொள்ளும், ஆனால் காரின் பானெட் மேலோ இரும்புக் கைப்பிடிச் சுவரிலோ வைத்துப் பார்த்தால் அதுவும் உளறும். அதைவிட வானத்தையே கேட்பது நல்லது. ஜூன் நடுவில் எட்டு மணிக்கு வடக்கு நோக்கி நின்றால், நாலு முட்டி உயரத்தில், கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி, ஆரஞ்சு நிறத்தில் ஒரு பெரிய நட்சத்திரம் தெரியும். அது சுவாதி. தமிழ்ப் பஞ்சாங்கத்தில் பதினைந்தாவது நட்சத்திரம், வடவானத்திலேயே ஆகப் பிரகாசமானது. அங்கிருந்து மூன்று முட்டி கீழே, சற்று இடப்பக்கமாக இறங்குங்கள். அடிவானத்திலிருந்து ஒரு முட்டி உயரத்தில் தனியாக ஒரு வெள்ளைப் புள்ளி நிற்கும். அது மரீசி. நல்ல இருட்டில் வெறுங்கண்ணுக்கே தெரியும். அவரைப் பைனாகுலரின் வலது மேல் ஓரத்தில் வைத்துக்கொண்டு இடது கீழ்ப்பக்கமாகப் பார்த்தால் வசிஷ்டர் அகப்படுவார், ஒட்டினாற்போல மங்கலாக அருந்ததி. வசிஷ்டர் இடத்தில் ஒரே ஒரு புள்ளிதான் தெரிகிறது என்றால், ஒன்று நீங்கள் ஆங்கிரசரைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள், இல்லாவிட்டால் காற்று மோசம். பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள். பைனாகுலரைக் கையில் பிடிக்காமல் சுவர் மேலோ மடித்த கம்பளி மேலோ சாய்த்து வைப்பது பாதி வேலை. ஆடும் கையில் மங்கலான புள்ளி காணாமல் போய்விடும்.

இன்னொரு அடையாளமும் உண்டு, தமிழருக்கு இது பிடிக்கும். சித்திரை நட்சத்திரமும் அருந்ததியும் உச்சம் கடக்கும் நேரம் ஒன்றுதான். வித்தியாசம் ஒன்றிரண்டு நிமிடம். அதாவது சித்திரை நேர் வடக்கே, தலைக்குக் கொஞ்சம் முன்னால், 71 பாகை உயரத்தில் நிற்கும் அந்தக் கணம், அதிலிருந்து ஒரு தூக்குக்குண்டுக் கயிற்றைத் தொங்கவிட்டால் கயிறு அடிவானத்தைத் தொடும் இடத்துக்குச் சற்று மேலே அருந்ததி இருக்கும். கேட்க அழகாக இருக்கிறது. செய்து பார்த்தால் ஒரு தொல்லை தெரியும்: அவ்வளவு உயரத்தில் இருக்கும் நட்சத்திரம் திசை மாறுவது மிக வேகம். பத்து நிமிடம் முன்பின் ஆனால் கயிறு ஏழு பாகை தள்ளி விழும், பைனாகுலரின் முழுக் காட்சி அகலமே அவ்வளவுதான். அதனால் சித்திரையை நேரம் பார்க்கும் கடிகாரமாக வைத்துக்கொள்ளுங்கள், வழிகாட்டியாக சுவாதியை வைத்துக்கொள்ளுங்கள்.

தவறாகக் காட்டப்படும் நட்சத்திரங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். செப்டம்பர் மாலையில் டர்பனில் தலைக்கு மேலே விருச்சிகம் நிற்கும். அதன் வால் பகுதியில் நெருங்கி நிற்கும் இரட்டைகள் இரண்டு உண்டு. ஒன்று கொடுக்கில், மூல நட்சத்திரத்தைச் சேர்ந்தது, நிலாவின் அகலத்துக்குச் சற்று மேலான இடைவெளி. இன்னொன்று வாலின் தொடக்கத்தில், ஆறு கலை இடைவெளியில், நல்ல கண் இருந்தால்தான் இரண்டாகப் பிரியும். ஒரு பெரியது, பக்கத்தில் ஒரு சிறியது என்று பார்த்தவுடன் "இதுதான் அருந்ததி" என்று சொல்லிவிடத் தோன்றும். கண் கூர்மையைச் சோதிக்க அருமையான ஜோடிகள், ஆனால் இரண்டும் தென்வானத்தைச் சேர்ந்தவை. டர்பனில் நின்று யாராவது அரை முட்டிக்கு மேலே கை காட்டி அருந்ததி என்றால் அது அருந்ததி இல்லை. இந்த ஒரு விதி போதும்.

மொரீஷியஸ், ரியூனியன் நண்பர்களுக்கு: பதினைந்து பாகை உயரத்தில் காற்று தின்பது முக்கால் எண் அல்லது ஒன்றுதான். அருந்ததி ஐந்தாவது எண் அளவில் நிற்கும், இருட்டான இடத்தில் வெறுங்கண்ணுக்கே தெரியும். தீவின் வடகரையில் நின்றால் முன்னே கடல்தான், குறுக்கே எதுவும் இல்லை. நேரத்தில் மட்டும் கால் மணி முன்பின் வித்தியாசம் வரும். ஏழு ரிஷிகளும் எழுவார்கள். கிரதுவும் எட்டுப் பாகை வரை வருவார்.

சடங்குக்கு வருகிறேன். வைதிக விதிகளை விளக்குவது என் துறை அல்ல, அதை உங்கள் குருக்களிடம் கேளுங்கள். ஆனால் வானத்தோடு தொடர்புள்ள ஒரு விஷயம் உறுதி: வீட்டுச் சடங்குகளை வகுக்கும் பழைய கிருஹ்ய சூத்திரங்களில் இது இரவுச் சடங்கு. துருவனையும் அருந்ததியையும் சப்தரிஷிகளையும் பார்க்கும் வரை மணப்பெண் மௌனமாக இருக்க வேண்டும் என்று ஆசுவலாயனர் விதி சொல்கிறது. முகூர்த்தம் பகலுக்கு வந்ததும் பார்ப்பது கை காட்டுவதாகச் சுருங்கிவிட்டது. சென்னையிலும் காஞ்சிபுரத்திலும் காலை முகூர்த்தத்தில் யாரும் நட்சத்திரத்தைப் பார்ப்பதில்லை. டர்பனில் நடப்பது நாடகம் என்றால் மயிலாப்பூரில் நடப்பதும் அதே நாடகம்தான். பெரியப்பாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

இதைவிட எனக்குச் சுவையாகப் படுவது ஸ்தூலாருந்ததி நியாயம். அருந்ததி சின்னது, சட்டென்று கண்ணில் படாது. அதனால் காட்டுபவர் முதலில் பக்கத்தில் இருக்கும் பெரிய நட்சத்திரத்தைக் காட்டி "இதுதான் அருந்ததி" என்பார். கண் அங்கே நிலைத்ததும் "இது இல்லை, இதன் பக்கத்தில் இருக்கும் சிறியது" என்று நகர்த்துவார். ஆதிசங்கரர் பிரம்ம சூத்திர உரையில் இதை உவமையாக எடுத்தாள்கிறார்: நுட்பமானதைக் காட்டப் பருமனானதிலிருந்து தொடங்கு என்பதற்கு. தத்துவம் ஒருபக்கம் இருக்கட்டும், வானம் பார்ப்பவர்கள் இன்றும் செய்வது இதையேதான். மேலே சுவாதி, மரீசி, வசிஷ்டர், அருந்ததி என்று நான் இறக்கிக்கொண்டு வந்த வழியும் அதுதான்.

கல்யாண சீசனில் தவறாமல் வந்து சேரும் அந்த வாட்ஸ்அப் செய்தியையும் யாராவது உங்களுக்கு அனுப்பியிருப்பார்கள்: "மற்ற இரட்டை நட்சத்திரங்களில் ஒன்று நிற்க மற்றது சுற்றும்; வசிஷ்டரும் அருந்ததியும் மட்டும் ஒருவரை ஒருவர் சுற்றுகிறார்கள், இதை நம் முன்னோர் அன்றே அறிந்திருந்தார்கள்." இது தவறு. எந்த இரட்டை நட்சத்திரத்திலும் இரண்டும் பொதுவான ஒரு நிறை மையத்தைத்தான் சுற்றுகின்றன. ஒன்று அசையாமல் நிற்கும் ஜோடி வானத்திலேயே கிடையாது. வசிஷ்டரும் அருந்ததியும் ஈர்ப்பால் கட்டுண்டவர்கள்தானா என்பதே ஆராய்ச்சியாளர்களிடையே முழுமையாக முடிவாகாத விஷயம். இருவரும் சுமார் எண்பது ஒளியாண்டு தொலைவில், ஒரே கூட்டத்தோடு ஒரே திசையில் நகர்கிறார்கள் என்பது உறுதி. கட்டுண்டிருந்தால் ஒரு சுற்றுக்கு லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆகும், எந்த முன்னோரும் கண்ணால் கண்டிருக்க முடியாது. உண்மை இந்தச் செய்தியைவிடச் சுவையானது: வசிஷ்டர் ஒருவரே நான்கு பேர். 1617இல் கலிலியோவின் மாணவர் காஸ்தெல்லி தொலைநோக்கியில் அவரை இரண்டாகக் கண்டார். 1889இல் ஒளியை நிறங்களாகப் பிரித்து ஆராய்ந்தபோது அதில் ஒன்று மேலும் இரண்டாகப் பிரிந்தது. இருபதரை நாளில் ஒன்றையொன்று சுற்றும் ஜோடி. மற்றதும் அப்படியே என்று பிறகு தெரிந்தது. 2009இல் அருந்ததிக்கும் மங்கலான ஒரு துணை உண்டு என்று கண்டார்கள். நாம் இரண்டு என்று கும்பிடுவது ஆறு.

தமிழில் இந்த நட்சத்திரத்துக்கு இன்னொரு பழைய பெயர் வடமீன். "வடமீன் புரையும் கற்பின்" என்று புறநானூற்றில் கபிலர் மலையமானின் மனைவியைச் சொல்கிறார். சிலப்பதிகாரத்தில் கண்ணகி தீவலம் வரும்போது இளங்கோ அவளுக்குச் சொல்லும் உவமை "சாலி ஒருமீன் தகையாள்", சாலியும் அருந்ததிதான். அந்தக் காலத்துக் கண்ணுக்கு இது உண்மையிலேயே இன்னும் வடக்கத்திய மீன். பூமியின் அச்சு பம்பரம்போல மெல்லத் தலை சுற்றுவதால் நட்சத்திரங்களின் இடம் நகர்கிறது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பு அருந்ததி இன்றைவிடப் பத்து பாகைக்கு மேல் வடக்கே இருந்தது. மதுரையிலிருந்து இன்று தெரிவதைவிடத் தாழ்வாகத் தெரிந்திருக்கும். டர்பன் இருக்கும் இடத்தில் எழுந்தே இருக்காது. அந்த நகர்வு இப்போதும் நம் பக்கமாகத்தான். 1860 நவம்பரில் முதல் இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களோடு சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்தபோது அருந்ததி இங்கே நாலரைப் பாகைகூட ஏறவில்லை. அதற்குப் பிறகு ஏறக்குறைய 50 கலை தெற்கே வந்திருக்கிறது, ஒன்றரை முழுநிலா அகலத்துக்கும் மேல். இன்னும் இரண்டு நூற்றாண்டுக்குள் கிரதுவும் டர்பன் அடிவானத்தைத் தொட்டுவிடுவார். கடல் தாண்டவில்லை என்று மேலே சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன்: கிளம்பிவிட்டார், வந்துகொண்டிருக்கிறார்.

பாட்டி சொன்ன தலைகீழ் விஷயம் முழுக்க மெய். பூமிப்பந்தின் மறுபாதியில் நாம் நிற்பதால், வடக்கு நோக்கிப் பார்க்கும் எதுவும் புரண்டு தெரியும். திருவாதிரையும் மிருகசீரிடமும் இருக்கும் வேட்டைக்காரன் உருவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் சிவந்த திருவாதிரை மேல் தோளில் இருக்கும், இங்கே கீழே. நிலாவில் முயல் இருக்கிறது என்று ஊரில் காட்டும் கறையும் இங்கே புரண்டு கிடக்கும். அந்த வேட்டைக்காரன் இருக்கும் பகுதிக்கு நம் ஐதரேயப் பிராமணத்தில் ஒரு கதை உண்டு: மான் உருவெடுத்து ரோகிணியைத் துரத்திய பிரஜாபதி, அவரை எய்த ருத்திரன், மூன்று கணு உள்ள அம்பு. அந்த அம்பு இடுப்பில் வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்கள். இதே மண்ணின் நாமா மக்களிடம் ஒரு கதை: மூன்று நட்சத்திரமும் மூன்று வரிக்குதிரைகள், நம் கார்த்திகைதான் மனைவிமார், ரோகிணி நட்சத்திரம்தான் கணவன். அம்பு குறிதவறி விழுந்துகிடக்க, திருவாதிரை சிங்கமாக நின்று மறிக்க, அவன் வெறுங்கையோடு வீடு திரும்ப முடியாமல் நிற்கிறான். இரண்டிலும் வேட்டை, அம்பு, குடும்பத் தகராறு. ஒன்றிலிருந்து ஒன்று வந்தது என்று சொல்ல ஆதாரம் எதுவும் இல்லை. மூன்று புள்ளி ஒரே வரிசையில் நின்றால் அம்பெய்யும் மனிதன் எங்கேயும் வேட்டையைத்தான் நினைப்பான். கார்த்திகைக்கு ஜூலு மொழியில் இசிலிமேலா என்று பெயர், மண்ணைக் கொத்துவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. ஜூன் விடியலில் அது கிழக்கே தலைகாட்டினால் உழவுக்குத் தயாராக வேண்டும். நாம் கார்த்திகை மாதத்தில் விளக்கேற்றும் இரவில் அது முழுநிலாவோடு மாலையிலேயே எழுகிறது. அதே ஆறு மீன், ஆறு மாத இடைவெளியில் இரண்டு சனங்களுக்கு இரண்டு சேதி.

தலைகீழ் என்றால் திரிசங்குவை விட முடியாது. விசுவாமித்திரர் உடலோடு சொர்க்கத்துக்கு அனுப்ப, இந்திரன் தள்ளிவிட, தலைகீழாகத் தென்வானத்தில் தொங்கும் அந்த அரசனைத் தெற்குச் சிலுவை நட்சத்திரங்களோடு அடையாளம் காண்பது வழக்கம். புராணம் திரிசங்கு என்ற பெயரையும் திசையையும் சொல்கிறது, எந்த நட்சத்திரம் என்று துல்லியமாகச் சொல்லவில்லை, ஆகவே இது பொருத்திப் பார்த்த அடையாளம் என்ற அளவில் கொள்ளுங்கள். சென்னையில் அந்தச் சிலுவை 17 பாகைதான் ஏறும், இங்கே 60. அங்கே தலைகீழாகத் தொங்கியவரை இங்கே பாதி நேரம் நிமிர்ந்தும் பாதி நேரம் கவிழ்ந்தும் பார்க்கலாம், ஏனென்றால் இந்த ஊரில் அது தென்துருவத்தைச் சுற்றிக் கிட்டத்தட்ட முழு வட்டமும் அடிக்கிறது.

கல்யாணத்தன்று குருக்களை நேர் வடக்குத் திசைக்குக் கை காட்டச் சொல்லுங்கள். மண்டபத்தின் திசையைக் கைபேசி வரைபடத்தில் முன்னதாகவே பார்த்து வைத்துக்கொண்டால் போதும். நட்சத்திரத்தை நிஜமாகவே பார்க்க மகளும் மருமகனும் அடுத்த ஜூனில் ஒரு பைனாகுலரோடு போகட்டும். ஒரு எச்சரிக்கை: மேலே கொடுத்த உயரங்கள் தட்டையான அடிவானத்துக்கானவை. எதிரே இரண்டு பாகை உயரத்துக்கு ஒரு மேடு இருந்தால் நாலே முக்கால் மணி நேரம் நாலுக்கும் கீழே குறையும், ஐந்து பாகைக்கு ஒரு மரவரிசை இருந்தால் ஒன்றுமே இல்லை. பகலிலேயே போய்ப் பார்த்துவிட்டு வருவது நல்லது. பாட்டியையும் அழைத்துப்போக நினைத்தால் ஜூன் இரவில் குளிரில் நிறுத்தாதீர்கள், அந்த வயதுக் கண்ணுக்கு அது பைனாகுலரிலும் கிடைக்காது. பிப்ரவரி நடுவில் இரவு எட்டரை, ஒன்பது மணிக்கு வாசலில் நாற்காலி போட்டுத் தெற்கே பார்க்க உட்காரவையுங்கள். 67 பாகை உயரத்தில், நகர வெளிச்சத்தையும் மீறிக்கொண்டு, வெள்ளையாக ஒன்று நிற்கும். அது அகத்தியர். சென்னையில் 24 பாகை உயரத்தோடு நின்றுவிடுபவர்.